செத்த காலேஜ் பார்க்கப் போகும் ஆயா!

"ஆயா, செத்த காலேஜ் என்றால் என்ன?"

பேரன் கேட்கிறான். ஆயா சிரிக்கிறாள். "நேரில் வந்து பாரு கண்ணு!" என்கிறாள்.

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் பாட்டியை "ஆயா" என்று அழைப்பார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும். ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "எங்கேயாவது கூட்டிப்போ" என்று குழந்தைகள் நச்சரிப்பார்கள்.

மலை அவர்கள் பார்த்தது. கோவில் பார்த்தது. தீபமும் பார்த்தது. இந்த முறை பேரனையும் பேத்தியையும் சென்னைப் பட்டணத்துக்கு அழைத்துச் செல்லும் ஓர் ஆயாவை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் கட்டுச்சோறு. செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பஸ் பிரயாணம். போகும் இடம் எழும்பூர் அருங்காட்சியகம். அங்கே சிறுவர்களுக்கு என்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறது.

பெயர் வந்த கதை

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்பர் என்ற டாக்டர். ஆரம்பத்தில் அது ஒரு கல்லூரிக் கட்டிடத்தில்தான் இருந்தது. பிறகுதான் பாந்தியன் சாலையில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது.

பால்பர் சும்மா இருக்கவில்லை. அதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். பார்க்கக் கூட்டம் அலைமோதியது! பின்னால் அந்த மிருகங்கள் சென்டிரல் ரெயில் நிலையத்தின் அருகே இருந்த பூங்காவுக்குப் போயின. 1985-ம் ஆண்டில் வண்டலூருக்குப் போயின.

ஜனங்கள் இரண்டுக்கும் பெயர் வைத்தார்கள். உயிருள்ள மிருகங்கள் இருக்கும் இடம் "உயிர் காலேஜ்". பாடம் செய்த மிருகங்களும் எலும்புக்கூடுகளும் இருக்கும் இடம் "செத்த காலேஜ்". காணும் பொங்கல் அன்று இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் கிராமத்து மக்கள் ஊர் திரும்புவார்கள்.

பேரன் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

குழந்தைகளுக்கு ஏன் தனி இடம்?

பெரியவர்களின் அருங்காட்சியகத்தில் குழந்தைகளுக்குச் சீக்கிரம் அலுப்பு வந்துவிடும். கண்ணாடிப் பெட்டி உயரத்தில் இருக்கும். எட்டிப் பார்க்க வேண்டும். கை வைத்தால் "தொடாதே!" என்று அதட்டல் வரும்.

இதை எண்ணித்தான் அமெரிக்காவில் புரூக்ளின் பகுதியில் குழந்தைகளுக்காக ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அது 1899-ம் ஆண்டு. உலகத்திலேயே முதல் சிறுவர் அருங்காட்சியகம் அதுதான். தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பல நாடுகளுக்கும் பரவியது. கல்கத்தாவில் நேரு பெயரில் ஒரு சிறுவர் அருங்காட்சியகம் 1972-ம் ஆண்டில் திறக்கப்பட்டது.

எழும்பூரில் சிறுவர் பகுதிக்கு முன்னால் டைனோசர் உருவங்கள் நிற்கின்றன. பேத்தி பயந்துபோய் ஆயாவின் பின்னால் ஒளிகிறாள். உள்ளே போனால் பொம்மைகள். பழங்காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பொம்மைகளை வைத்தே காட்டுகிறார்கள்.

பேரன் படிக்கிறான், ஆயா சொல்கிறாள்

பக்கத்துக் கட்டிடங்களையும் விட்டுவிடக் கூடாது. திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. "இது மீனா, வீடா?" என்று குழந்தைகள் வாயைப் பிளக்கிறார்கள்.

அடுத்தது ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பொருட்கள். பெரிய பெரிய தாழிகள்! ஆயாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பேரன் கடகடவென்று அட்டையைப் படிக்கிறான்: முதுமக்கள் தாழி.

"அப்படி என்றால் என்ன ஆயா?"

"இறந்தவர்களை இதில் வைத்துப் புதைப்பார்கள் கண்ணு. பக்கத்தில் அவர்கள் புழங்கிய சாமான்களையும் வைப்பார்கள்."

"ஏன்?"

"வெறுங்கையோடு அனுப்ப மனசு வருமா?"

அட்டையில் இந்தப் பதில் இல்லை. எழுத்து பேரனிடம் இருக்கிறது. அனுபவம் ஆயாவிடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பார்த்தது மனதில் நிற்கும். குழந்தையைத் தனியாக அனுப்பினால் அரை மணி நேரத்தில் ஓடி வந்துவிடும்.

அடுத்து ஐம்பொன் சிலைகள். நடராசர் சிலை முன்னால் ஆயா கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். பேரனும் போட்டுக்கொள்கிறான்.

ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்று போனால் பூட்டைத்தான் பார்க்கலாம்!

நம் ஊரில் இல்லையா?

ஊர் திரும்பும் வழியில் பேத்தி கேட்கிறாள்: "நம்ம ஊரில் இப்படி எதுவும் இல்லையா ஆயா?"

ஏன் இல்லை? சுவர் இல்லாத அருங்காட்சியகம் இருக்கிறது!

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர் போனது. போரில் மாண்ட வீரனுக்கும், மாடு கன்றுகளைக் காக்க உயிர் விட்ட வீரனுக்கும் நட்ட கற்கள் அவை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ம் ஆண்டில் "செங்கம் நடுகற்கள்" என்று ஒரு புத்தகமே வெளியிட்டது.

அவற்றில் எடுத்தனூர் கல் குழந்தைகளுக்கு என்றே செதுக்கியது போல இருக்கும். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். வயது ஏறக்குறைய 1,400 ஆண்டு! வீரன் பெயர் கருந்தேவகத்தி. எருமைகளைக் காக்கப் போராடி உயிர் விட்டான். கல்லில் அவனோடு ஒரு நாயும் இருக்கிறது. அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்து, காவல் காத்து நின்றதாம். இதையும் கல்லிலேயே எழுதி வைத்தார்கள்.

அரசர்களுக்குக் கல்வெட்டு உண்டு. ஒரு நாய்க்கும் கல்வெட்டு எழுதிய ஊர் நம் ஊர்!

ஆனால் எத்தனையோ நடுகற்கள் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. சிலவற்றுக்கு "வேடியப்பன்" என்று பெயர் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். அந்தக் கற்கள் தப்பித்தன. மற்றவற்றின் கதை தெரிந்தவர்கள் ஆயாக்களும் தாத்தாக்களும்தான். அவர்கள் சொல்லாமல் போய்விட்டால், கல் வெறும் கல்லாகிவிடும்.

அதனால் அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆயாவுக்கு நடக்கக் கால் இருக்கும்போதே குழந்தைகளை அவளோடு அனுப்பி வையுங்கள்.

பஸ்ஸில் பேத்திக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஆயாவின் மடியில் சாய்ந்துகொண்டு கடைசியாக ஒரு கேள்வி கேட்கிறாள்:

"அந்த நாய்க்குப் பேர் இருந்ததா ஆயா?"

இருந்தது. அதுவும் கல்லில் இருக்கிறது.

கோவிவன்!