உவர் நிலத்து நெல்லும் வைட்டிலா நிலையமும்

மட்டாஞ்சேரிக்குச் செல்லும் பிரயாணிகள், யூதத் தெருவின் மிளகு மண்டிகளையும் சுக்கு மணத்தையும் அனுபவித்துவிட்டு, கொச்சியின் பெருமையெல்லாம் வாசனைத் திரவியங்களிலேயே அடங்கியிருப்பதாக எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். அதே நகரின் கிழக்குப் புறத்தில், வைட்டிலாவில், 1963-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் நெல் ஆராய்ச்சி நிலையத்தை எட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே. கேரள விவசாய சர்வகலாசாலையைச் சேர்ந்த இந்நிலையம் பேணிவருவது பொக்காளி என்னும் நெல்லை. கடல்நீர் ஏறி இறங்கும் காயலோரத்துச் சதுப்பில், மற்ற நெல் கருகிப்போகும் உவர் மண்ணில், உரமும் பூச்சி மருந்தும் கேளாமல் விளைவதே அதன் விசேஷம்.

சாகுபடி முறையோ அதனினும் விசித்திரமானது. கோடையில் வயலை வடியவைத்து மண்ணைச் சிறு சிறு மேடுகளாகக் கூட்டுகிறார்கள். ஜூன் மாத மழை அம்மேடுகளின் உப்பைக் கழுவிக் கொண்டுபோன பிறகே முளைகட்டிய விதையை அவற்றின் மேல் தெளித்து, நாற்று ஏறக்குறைய ஒரு முழம் வளர்ந்ததும் மேட்டை வெட்டி, மண்ணும் வேருமாக வயலெங்கும் பரப்பிவிடுகிறார்கள். அக்டோபரில், தேங்கிய நீரில் இறங்கிக் கதிரை மட்டும் கொய்துகொள்ள, எஞ்சிய தாள் அங்கேயே மட்கி, மதகின் வழியே ஓதத்தோடு உள்ளே வரும் இறாலுக்கு ஆகாரமாகிறது; ஏப்ரல் நடுவில் இறால் பருவம் முடிய, அதன் கழிவு அடுத்த நெல்லுக்கு எருவாகிறது.

இவ்வளவு நிறைவான ஏற்பாட்டில் விஞ்ஞானிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பொக்காளி ஆளுயரம் வளர்ந்து, முற்றும் தருணத்தில் சாய்ந்துவிடும், மகசூலும் சொற்பம். ஆகவே நிலையத்தார் முதலில் குடியானவர்களின் நாட்டு ரகங்களிலிருந்தே நல்லதைப் பொறுக்கினார்கள். சூட்டுப் பொக்காளியிலிருந்து தேர்ந்தது வைட்டிலா 1. அதன் பின்னரே அதைத் தைவானின் குட்டை நெல்லாகிய தைச்சுங் நேட்டிவ் 1-உடன் இணைத்து வைட்டிலா 3-ஐ உண்டாக்கினார்கள். புதுமையைப் புகுத்துமுன் உழவனிடம் பாடம் கேட்ட இந்த விவேகம், பெரிய கட்டடங்களைக் கொண்ட பல நிலையங்களுக்கு வாய்க்காதது.

பொக்காளியின் கீர்த்தி கொச்சியோடு நிற்கவில்லை. பிலிப்பைன்ஸில் லாஸ் பாஞோஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், இந்நெல்லின் முதலாவது குரோமோசோமில், உப்பைத் தாங்கும் சக்தியோடு தொடர்புள்ள ‘சால்டால்’ என்னும் பகுதியைக் கண்டறிந்தனர்; அது இன்று பல தேசங்களின் நெல்லிலும் சேர்க்கப்பட்டு வருகிறது. 2020-இல் அம்பன் புயலால் கடல்நீர் புகுந்த சுந்தரவனத்து வயல்களில் பயிரிட்டுப் பார்க்கவும் வைட்டிலா 11-ஐயே நாடினார்கள்.

எனினும் பிறந்த மண்ணில் பொக்காளி வயல் ஆண்டுதோறும் சுருங்குகிறது. சேற்றில் நின்று கதிர் கொய்ய ஆள் கிடைப்பதில்லை. இறாலோ கைமேல் காசு தருகிறது. நல்ல விதையைத் தந்ததோடு ஆராய்ச்சியின் கடமை தீர்ந்துவிடாது. சேற்றில் ஓடும் அறுவடை யந்திரத்தை ஊரூராகக் கொண்டுசேர்ப்பதும், நெல்லுக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்கச் செய்வதுமே இனி சர்க்கார் செய்ய வேண்டிய காரியம்.