ஒளிரும் தாள்: வெட்டும் முன், வாங்கும் முன்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் உள்ள ஊர் மணிமங்கலம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலை வந்தது. ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி அரிசி, எண்ணெய் வாங்குவது பெரும்பாலும் விளக்கு வைத்த பிறகுதான். எனவே இந்த வட்டார வணிகருக்குப் பலகை வெளிச்சம் ஆடம்பரச் செலவு அல்ல.

பின்னொளிப் பலகைக்கு உள்ள வழிகளில் 'ஈ.எல். ஷீட்' எனப்படும் ஒளிரும் தாளும் ஒன்று. மெல்லியது, கத்தரிக்கோலால் வெட்டலாம், சூடாகாது என்பார்கள். மூன்றும் உண்மையே. ஆனால் முறை தெரியாமல் வெட்டினால் தாள் வீணாகும். வெட்டிய ஓரத்தை மூடாமல் விட்டால் மின் அதிர்ச்சியும் தாக்கும்.

தாள் எப்படி ஒளிர்கிறது?

துத்தநாக சல்பைடு தூள் மாறுமின்சாரத்தில் ஒளிர்வதை 1936இல் பாரிஸில் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ கண்டறிந்தார். 1960இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் டாஷ்போர்டிலும், 1992இல் டைமெக்ஸ் கைக்கடிகாரத்திலும் இந்த ஒளி இடம்பெற்றது.

தாளின் முன்புறம் மின்சாரம் கடத்தும் ஒளிபுகு பிளாஸ்டிக். அதன் பின்னால் ஒளிரும் தூள், அடுத்து மின்காப்புப் பூச்சு, கடைசியில் உலோக அல்லது கார்பன் பூச்சு. எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டர் தடிமன் வராது.

வீட்டு மின்சாரத்தை இதற்கு நேரடியாகக் கொடுக்கவே கூடாது. சுமார் 100 வோல்ட்டும், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைவிடப் பல மடங்கு அதிர்வெண்ணும் தேவை. இதைத் தருவது ஒரு சிறு இன்வெர்ட்டர். கடையில் பேட்டரியோடு வைத்திருக்கும் இன்வெர்ட்டர் வேறு, இது வேறு. இது கைக்கு அடக்கமான பெட்டி. 12 வோல்ட் அடாப்டரிலோ பேட்டரியிலோ இயங்கும்.

வெட்டும் முறை

1. மின்சாரத்தைத் துண்டித்து, தாளை இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய பிறகே வெட்டவும்.

2. ஒயர் வரும் முனையையும், ஓரமாக ஓடும் வெள்ளிப் பூச்சுக் கோட்டையும் வெட்டாமல் விடவும். அந்தக் கோடு போனால் தூரத்துப் பகுதி மங்கும். முனையிலிருந்து முற்றிலும் பிரிந்த துண்டு ஒளிராது.

3. கூர்மையான கத்தி அல்லது கத்தரிக்கோலால் ஒரே சீராக வெட்டவும். மழுங்கிய கத்தி முன், பின் பூச்சுகளை ஒன்றோடொன்று இழுத்து ஒட்டவைத்து ஷார்ட் ஆக்கிவிடும்.

4. வெட்டிய ஓரம் முழுவதையும் தாளைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் நீளும்படி லேமினேஷன் அல்லது ஒளிபுகு டேப்பால் மூடவும். ஈரம் புகுந்தால் ஓரத்திலிருந்து கருத்துக்கொண்டே வரும்.

5. தாளை மடிக்க வேண்டாம். மடிப்பு விழுந்த இடத்தில் கடத்தும் பூச்சு உடையும்.

தமிழ் எழுத்தில் கவனம்

தாளையே எழுத்து வடிவில் வெட்டச் சொல்பவர்கள் உண்டு. ஆங்கில 'எல்' எழுத்து ஒரே துண்டு. ஆனால் 'ஸ்டோர்ஸ்' என்று எழுதினால் ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு. இரட்டைக்கொம்பும் காலும் தனித் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒயர் இணைக்க வேண்டும். கூலி கூடும், பழுதும் கூடும்.

தாளை நீள்சதுரமாகவே வைத்துக்கொண்டு, முன்னால் ஒளிபுகு அக்ரிலிக்கில் கறுப்பு வினைல் ஒட்டி எழுத்தை மட்டும் வெட்டி எடுப்பதே சிக்கனம். தகரத்தில் வெட்டினால் 'ம', 'ழ' ஆகியவற்றின் சுழி நடுப்பகுதி உதிர்ந்துவிடும்; அக்ரிலிக்கில் ஒட்டிய வினைலில் அது நிற்கும். பெயர்ப்பலகையில் தமிழே முதலிடம் பெற வேண்டும் என்பது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி கட்டாயம்.

இணைப்பும் சோதனையும்

தாளின் இரண்டு முனைகளில் கூட்டல், கழித்தல் பேதம் இல்லை. இன்வெர்ட்டருக்குள் வரும் 12 வோல்ட் பக்கத்தில் அது உண்டு. பிளாஸ்டிக் பரப்பில் நேரடியாகச் சால்டரிங் வைத்தால் உருகும். கம்பெனி முனையையோ அழுத்தி மாட்டும் கிளிப்பையோ பயன்படுத்துவது நல்லது.

மின்சாரம் கொடுக்கும் முன், மல்டிமீட்டரால் இரு முனைகளுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று பார்க்கவும். தொடர்பு காட்டினால் வெட்டிய ஓரத்தில் ஷார்ட் இருக்கிறது.

இன்வெர்ட்டர் தாளின் பரப்புக்குப் பொருந்த வேண்டும். தாள் பெரிதானால் மங்கும். சிறிதானால் மின்னழுத்தம் ஏறித் தாளின் ஆயுள் குறையும். பெரிய தாளுக்கு வாங்கியதைப் பாதி வெட்டிய பின் அப்படியே மாட்டக் கூடாது. தாளைக் கழற்றிவிட்டு இன்வெர்ட்டரை மட்டும் ஓட்டினால் அது எரிந்துபோகலாம்.

எங்கே வைக்கலாம்?

வெயிலில் இதன் ஒளி தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழை இதற்கு ஆகாது. எனவே வாசல் பலகைக்கு எல்.இ.டி.யே ஏற்றது. கடைக்குள் விலைப்பட்டியல், பில் போடும் இடம், அலமாரி விளிம்பு போன்ற இடம் குறைந்த நிழலான பகுதிகளுக்கு ஒளிரும் தாள் பொருந்தும்.

இது திடீரென அணைவதில்லை. எரிய எரிய மங்கும். எத்தனை மணி நேரத்தில் வெளிச்சம் பாதியாகும் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 3,000 மணி என்று சொன்னால், தினம் 6 மணி நேரத்துக்கு அது 500 நாள். 12 மணி நேரம் எரித்தால் 250 நாள்தான். கடை மூடியதும் அணைத்துவிடுவதே மிச்சம்.

பலகை செய்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: ஓரம் மூடப்பட்டதா? இன்வெர்ட்டர் இந்த அளவுக்கு உரியதா? தாள் மங்கினால் அதை மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் தருபவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.