யார் கண்ணால் அளப்பது?

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்போர் நம்மிடையே பலர் உண்டு. மேலை நாடுகளில் சிலர் அதற்கு ஒருபடி மேலே சென்று, கடல்நீர்த் தொட்டியில் உயிருள்ள பவளத்தையே வளர்க்கிறார்கள். நீரின் உப்பளவு, வெப்பநிலை, சுண்ணாம்புச் சத்து ஆகியவற்றை அவர்கள் நாள்தோறும் கண்காணிக்கிறார்கள். ஆனால், பவளத்தின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கும் ஒளியை மட்டும் பெரும்பாலோர் கண்மதிப்பாகவே விட்டுவிடுகிறார்கள்.

பவளம் ஒரு விலங்கு. அதன் திசுக்களுக்குள் ஒற்றைச் செல் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து, தாம் உருவாக்கும் உணவின் பெரும்பகுதியைத் தமக்கு இடமளித்த பவளத்துக்கு வழங்குகின்றன. ஒளி குறைந்தால் பவளம் மெல்லப் பட்டினியில் வாடுகிறது. ஒளி மிகுந்தாலோ நுண்பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பே சிதைந்து, தீங்கான வேதிப்பொருள்கள் உருவாகின்றன. அப்போது பவளம் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது.

அப்படியானால் ஒளியை எப்படி அளப்பது? நாம் அறிந்த அலகு லக்ஸ். வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் இத்தனை லக்ஸ் வேண்டும் என்று பொறியாளர்கள் கூறுவார்கள். கைப்பேசிச் செயலிகளும் அதைக் காட்டுகின்றன. ஆனால், லக்ஸ் மனிதக் கண்ணுக்காக வகுக்கப்பட்ட அலகு. நம் கண் பகலில் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை கலந்த மஞ்சள் ஒளியை. நீல ஒளியை நாம் மிகக் குறைவாகவே உணர்கிறோம். அதே விகிதத்தில் லக்ஸும் நீல ஒளிக்குக் குறைந்த மதிப்பையே தருகிறது.

பவளத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடும். தெளிந்த நீரில் ஆழத்துக்குச் செல்வது நீல ஒளிதான். பவளத்தின் நுண்பாசிகள் அதைப் பயன்படுத்தவே பழகியவை. ஆகவேதான் பவளத் தொட்டிகளின் எல்.இ.டி. விளக்குகளில் 450 நானோமீட்டரை ஒட்டிய நீலம் மேலோங்கியிருக்கிறது.

தாவரங்களுக்கும் பாசிகளுக்கும் பொருந்தும் அலகு வேறு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை விழுகின்றன என்று எண்ணுவது அது. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் கதிர்வீச்சு என்னும் பொருளில் பி.ஏ.ஆர். என்று அதைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். அதன் அலகு மைக்ரோமோல். இந்த அளவீட்டுக்கு வலுவான அடித்தளம் இட்டவை, பயிர் இலைகள் எந்த நிற ஒளியை எந்த அளவு பயன்படுத்துகின்றன என்று ஆராய்ந்து கீத் மெக்ரீ 1972-இல் வெளியிட்ட முடிவுகள்.

லக்ஸை ஓர் எண்ணால் வகுத்து மைக்ரோமோலாக மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால், இதை நாணய மாற்று விகிதமாகவே பார்க்கிறேன். வெயிலில் ஒரு மைக்ரோமோல் என்பது ஏறத்தாழ 54 லக்ஸ். 555 நானோமீட்டர் பச்சை ஒளியில் அது சுமார் 147 லக்ஸ். 450 நானோமீட்டர் நீல ஒளியிலோ சுமார் 7 லக்ஸ் மட்டுமே. இரண்டுக்கும் இடையே 20 மடங்கு வேறுபாடு. டாலரையும் யென்னையும் ஒரே விகிதத்தில் ரூபாயாக மாற்றினால் கணக்கு என்னவாகும்?

இந்தக் கணக்குப் பிழையின் விலையைப் பவளமே கொடுக்கிறது. ஃபுளோரிடாவில் வசிக்கும் என் தங்கை மகன் பவளத் தொட்டி வைத்திருக்கிறான். பழைய விளக்கை மாற்றி நீல எல்.இ.டி. பொருத்தியபோது தொட்டி மங்கலாகத் தெரிந்தது. கைப்பேசிச் செயலியும் ஒளி போதாது என்றது. விளக்கின் வேகத்தைக் கூட்ட நினைத்தவன், அதற்கு முன் பி.ஏ.ஆர். மானி ஒன்றை இரவல் வாங்கி அளந்தான். விளக்குக்கு நேர்கீழே, மென்பவளங்கள் இருந்த இடத்தில் 300 மைக்ரோமோலைத் தாண்டியது. கூட்டியிருந்தால் அவை கருகியிருக்கும்.

இத்தகைய மானியின் விலை சில நூறு டாலர். ஆண்டுக்கு இரண்டொரு முறையே தேவைப்படும் கருவியை வீட்டுக்கு வீடு வாங்குவது வீண் முதலீடு. ஆகவே, அங்குள்ள பவள வளர்ப்போர் சங்கங்கள் பலவும் பொதுவில் ஒன்றை வாங்கி உறுப்பினர்களுக்கு முறைவைத்துத் தருகின்றன. சில கடைகள் வாடகைக்கும் விடுகின்றன.

அளப்பதிலும் நுட்பம் உண்டு. உணரியைப் பவளம் இருக்கும் இடத்திலேயே, நீருக்குள் வைத்து அளக்க வேண்டும். காற்றில் அளவு சரிபார்க்கப்பட்ட உணரி நீருக்குள் சற்றுக் குறைத்தே காட்டும். கருவிக்கு உரிய திருத்த எண்ணால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் அளந்தாலும் போதாது. விளக்கின் நேர்கீழே 300, மூலையில் 80 என்றால் சராசரி 190. ஆனால், 190 பெறும் பவளம் அந்தத் தொட்டியில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். நாட்டின் சராசரி வருமானத்தைக் கொண்டு ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிகிறதா என்று அறிய முடியாததைப் போன்றதே இது.

கால அளவும் கணக்கில் சேர வேண்டும். 150 மைக்ரோமோல் ஒளி 10 மணி நேரம் கிடைத்தால் அன்றைய மொத்த வரவு 5.4 மோல். விளக்கின் வேகத்தைக் கூட்டாமல், நேரத்தை நீட்டியும் இந்த வரவை உயர்த்தலாம். பொதுவாக மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரையும், கிளைவிடும் அக்ரோபோரா போன்ற கல்பவளங்களுக்கு 200 முதல் 350 வரையும் மைக்ரோமோல் பரிந்துரைக்கப்படுகிறது. எதுவாயினும் மாற்றத்தைப் பல வாரங்களில் சிறிது சிறிதாகச் செய்வதே பாதுகாப்பு.

இது பொழுதுபோக்கோடு முடிந்துவிடும் செய்தி அன்று. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியக ஆய்வாளர்கள், கடலின் பருவ வெப்பம், சூரிய ஒளி, நிலவொளி ஆகியவற்றைத் தொட்டியில் உருவாக்கி, 2013-இல் பவளங்களை இனப்பெருக்கம் செய்ய வைத்தனர். 2019-இல் ஃபுளோரிடா மீன்காட்சியகம் அட்லாண்டிக் தூண் பவளத்தை ஆய்வுக்கூடத்தில் முட்டையிட வைத்தது. உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு நிகழ்வதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டுள்ள நிலையில், செயற்கை ஒளியில் பவளம் வளர்க்கும் அறிவு கடலுக்கே தேவைப்படுகிறது.

இந்தியாவில் பவளத்தை வீட்டில் வளர்க்க நினைப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 2001 முதல் கல்பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். நம் பவளத் தொட்டி மன்னார் வளைகுடாதான். அங்குள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளுக்கு வெப்பம் மட்டுமே எதிரியன்று. கலங்கிய நீரும் படியும் வண்டலும் அவற்றுக்குக் கிடைக்கும் ஒளியைக் குறைக்கின்றன.

பாறைகளின் பரப்பையும் நீரின் வெப்பத்தையும் பதிவு செய்வதைப் போலவே, பவளம் இருக்கும் ஆழத்துக்கு நாள்தோறும் எவ்வளவு ஒளி சென்று சேர்கிறது என்பதையும் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். கடலோர மாவட்டங்களின் கல்லூரிகள் சில சேர்ந்து ஒரு மானியைப் பொதுவில் வாங்கி, உரிய அனுமதியுடன் வனத்துறைக்குத் துணைநின்றால் மாணவர்களே இதைச் செய்ய முடியும். கரையில் நின்று பார்க்கும் நமக்குக் கடல் வெளிச்சமாகவே தெரியும். அடியில் இருக்கும் பவளத்துக்கு அது போதுமா என்பதை அதற்குரிய அளவுகோல்தான் சொல்ல வேண்டும்.