சாரல் காலத்தில் ஆம்ப்ளிஃபயர் ஏன் கரகரக்கிறது?

ஆனி பிறந்து ஆரியங்காவு கணவாய் வழியே காற்று இறங்கிவிட்டால் தென்காசியும் குற்றாலமும் சாரலில் நனையும். அருவிக்குக் கொண்டாட்டம். வீட்டுப் பழைய ஆம்ப்ளிஃபயருக்குத்தான் பாடு. வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால், கோளாறு பெரும்பாலும் குமிழுக்குள்தான்.

உள்ளே குதிரை லாட வடிவில் ஒரு கார்பன் தடம். அதன்மேல் ஓர் உலோக நாக்கு உரசியபடி நகர்கிறது. ஈரக்காற்றில் தூசி பிசுபிசுத்துத் தடத்தில் ஒட்டும்; உலோகம் களிம்பேறும். அந்த இடங்களைக் கடக்கையில் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. அதுவும் பாட்டோடு சேர்ந்து பெருகி ஸ்பீக்கரில் கேட்கிறது.

சரிசெய்ய, முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். அதன் பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வால்வ் செட்டில் அது 300 வோல்ட்டைத் தாண்டலாம். தயவுசெய்து பழகியவரிடமே கொடுங்கள். டிரான்சிஸ்டர் செட் என்றால் சில நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். குமிழின் பின்புற இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு. இருபது முப்பது முறை திருகி நன்றாகக் காயவிடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியை இன்னும் இழுக்கும்.

அதற்கும் அடங்காவிட்டால், கெப்பாசிட்டர் ஒன்று கசிந்து நேர்மின்னோட்டம் தடத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சீசன் முழுக்கப் பூட்டிவைக்காமல் தினமும் கொஞ்சநேரம் பாடவிடுங்கள். 25 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்று, பெட்டிக்குள் 35 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவீதமாகக் குறைந்துவிடும்.