செத்தது சர்வரா, கேபிளா?

‘எங்கள் அலுவலக மென்பொருளை எல்லாம் விர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். இனி சர்வர் செத்தாலும் கவலை இல்லை, எல்லாம் பக்கத்து சர்வருக்குத் தானாகத் தாவிவிடும் என்கிறார்கள். உண்மையா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பாதி உண்மை. தாவாது, செத்துப்போய், வேறு இடத்தில் மறுபடி பிறக்கும். விற்க வருகிறவர்கள் இந்த வேறுபாட்டை மென்று விழுங்கிவிடுகிறார்கள்.

தாவுகிற வித்தை தனியே உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியின் (அதுதான் விர்ச்சுவல் மெஷின்) ரேமில் இருப்பதை இன்னொரு சர்வருக்கு நகலெடுப்பார்கள். அதற்குள் மாறிப்போனதை மறுபடி நகலெடுப்பார்கள். கடைசியில் கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தி, அந்தப் பக்கம் ஓடவிடுவார்கள். செயல்விளக்கக் கூட்டங்களில் கைதட்டல் வாங்குவது இதுதான். ஆனால் நகலெடுக்க மூல சர்வர் உயிரோடு இருந்தாக வேண்டும். மின்சாரம் போன சர்வரின் ரேமில் எதைப் போய் எடுப்பது?

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு: ஒரு பெரிய கணினியைப் பல கணினிகளாகப் பிரித்துக் காட்டும் வேலையை ஐபிஎம் 1960களிலேயே செய்தது, 1972-ல் விஎம்/370 என்று வெளியிட்டது. 1998-ல் தொடங்கிய விஎம்வேர் அதைச் சாதாரண இன்டெல் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. இவ்வளவு போதும்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம்தான் சர்வர். அறைவாசிகள் மெய்நிகர் கணினிகள். ஒவ்வொருவருக்கும் தனி வீட்டில் இருப்பதாக நினைப்பு. அந்த நினைப்பைக் கலைக்காமல் தண்ணீரும் மின்சாரமும் பங்கிட்டுத் தரும் மேனேஜர்தான் ஹைப்பர்வைசர். அறைவாசிகளின் டிரங்குப் பெட்டிகள் மட்டும் அறையில் இல்லை. தெருக்கோடியில் ஒரு பொதுக் கிடங்கில் இருக்கின்றன. பல சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் ஸ்டோரேஜ் அது. மேன்ஷன் இடிந்தால் அறைவாசிகள் அத்தனை பேரும் காலி, பெட்டிகள் பத்திரம். பக்கத்து மேன்ஷன் மேனேஜர் பெட்டியைத் திறந்து, அதில் இருப்பதை வைத்தே அதே ஆளை எழுப்பிவிடுவார். எழுந்தவருக்குப் பெட்டிக்குள் எழுதி வைத்ததெல்லாம் தெரியும். இடிந்த கணத்தில் மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்த கணக்கு தெரியாது.

மெய்நிகர் கணினிக்கு இது வெறும் கரன்ட் கட். மீண்டும் பூட் ஆகும். கோப்பு முறைமை தன் குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். டேட்டாபேஸ் முடிந்த பரிவர்த்தனைகளை வைத்துக்கொண்டு, பாதியில் நின்றவற்றை ரத்து செய்யும். சில நிமிடங்கள் ஆகும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அதிசயம் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது: மேன்ஷன் இடிந்துவிட்டது என்று பக்கத்து மேனேஜருக்கு எப்படித் தெரியும்?

விஎம்வேர் முறையில், குழுவில் உள்ள ஒவ்வொரு சர்வரும் நொடிக்கொரு முறை ‘இருக்கிறேன்’ என்று தலைமை சர்வருக்குக் குரல் கொடுக்கும். குரல் நின்றால்? சர்வர் செத்திருக்கலாம். யாரோ கேபிளைப் பிடுங்கியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனம். கேபிள்தான் போனது என்று தெரியாமல் ஆளை வேறு இடத்தில் எழுப்பிவிட்டால், ஒரே ஆள் இரண்டு மேன்ஷன்களில் இருப்பார். இருவரும் ஒரே பெட்டியைத் திறந்து ஒரே கணக்கு நோட்டில் எழுதுவார்கள். அதன்பின் அந்த நோட்டைக் கடவுளாலும் சரிசெய்ய முடியாது. சர்வர் சாவதைவிட மோசமான விபத்து இது.

எனவே கிடங்கில் ஒரு விதி. பெட்டிக்கு உரியவர் சார்பில் அவருடைய மேனேஜர் அடிக்கடி கிடங்குக்கு வந்து முகம் காட்ட வேண்டும். தெருவில் குரல் கேட்காவிட்டாலும் கிடங்கில் முகம் தெரிந்தால் ஆள் சாகவில்லை, பெட்டியின் பூட்டு அவருடையதே, வேறு யாரும் திறக்கக்கூடாது. முகமும் காணோம், கூப்பிட்டாலும் பதில் இல்லை என்றால்தான் மரணம் உறுதி. கடைசிக் குரலிலிருந்து இந்த முடிவுக்கு வர ஏறக்குறைய 18 நொடி. வேறு சில அமைப்புகள் இன்னும் முரட்டுத்தனமானவை: சந்தேகம் வந்தால் அந்த சர்வரின் மின்சாரத்தையே தொலைவிலிருந்து துண்டித்துவிடும். செத்தானா என்று ஆராய்வதைவிடக் கொன்றுவிடுவது சுலபம்.

இவ்வளவு செய்தும் அந்தச் சில நொடிகள் ஒரு பந்தயம்தான். செய்தி எவ்வளவு தாமதமாகும் என்பதற்கு வரம்பே இல்லாத வலைப்பின்னலில், ஒரே ஒரு கணினி செத்துப்போகக்கூடும் என்றாலே போதும். மற்றவை நிச்சயமாக ஒருமித்த முடிவுக்கு வந்துசேரும் என உத்தரவாதம் தரும் வழிமுறை கிடையாது என்று பிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985-ல் கணிதமாகவே நிறுவினார்கள். (தாயம் போட்டுப் பார்க்கும் வழிமுறைகள் இதற்கு விதிவிலக்கு.) செத்ததையும் தாமதமானதையும் பிரித்தறிய முடியாது என்பதே சிக்கலின் வேர். ‘நூறு சதவீதம்’ என்று துண்டுப்பிரசுரம் அச்சிடுகிறவர்கள் அந்தக் கட்டுரையை ஒருமுறை புரட்டலாம்.

நடைமுறைத் தொல்லைகள் வேறு. பக்கத்து மேன்ஷன்களில் காலி அறை இருக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் நிரப்பி வைத்தால் எழுப்பிய ஆளைப் படுக்கவைக்க இடமிருக்காது. வேகத்துக்காகப் பெட்டியை அறைக்குள்ளேயே வைக்கும் வகையும் உண்டு. அமேசானின் இன்ஸ்டன்ஸ் ஸ்டோர் அப்படித்தான். அந்த சர்வர் அல்லது வட்டு போனால் தரவும் போய்விடும்.

கிடங்கே எரிந்தால்? 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீ பரவி, நூற்றுக்கணக்கான அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு மிகப் பெரிது என்று வெளியே நகல் எடுக்கவில்லையாம்.

ஆகவே, வாசகரே, இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வரின் பிளக்கை வேண்டுமென்றே பிடுங்கிச் சோதித்துப் பார்த்தார்களா? பேக்கப் எந்த ஊரில் இருக்கிறது? இரண்டாவதற்கு ‘இதே கட்டடத்தில்’ என்று பதில் வந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.