குத்தகை இயந்திரமும் மூன்று கணக்குகளும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ-நிஸான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று பெருந்தொழிற்சாலைகள் வந்தமர்ந்த பிறகு, உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமெங்கும் பெருகின. புதிய ஆர்டர் கைக்கு வந்ததும் சி.என்.சி. இயந்திரமோ மோல்டிங் மெஷினோ உடனே வேண்டியிருக்க, ரொக்கக் கிரயம் கொடுக்கச் சக்தியில்லாத பட்டறைக்காரர் லீஸ் என்னும் குத்தகையை நாடுவது இயல்பே. ஆனால் மாதம் இவ்வளவு என்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுகிறவர், அந்த ஒரே இயந்திரத்தை வருமான வரிச் சட்டமும் கணக்கியல் தரமும் ஜி.எஸ்.டி.யும் மூன்று விதமாக நோக்குகின்றன என்பதைப் பெரும்பாலும் நோட்டீஸ் வந்த பிறகே அறிகிறார்.

தேய்மானம் யாருடையது என்பதே முதற்கேள்வி. சொத்தின் பாத்தியதை குத்தகைக் கம்பெனியிடமே நிலைத்திருக்குமானால், இயந்திரம் உங்கள் கூரையின் கீழ் இரவு பகலாக ஓடினாலும், வருமான வரியில் தேய்மானம் அந்தக் கம்பெனிக்கே உரியது. உங்களுக்குக் கழிவாகக் கிடைப்பது நீங்கள் செலுத்தும் வாடகை. வாகனங்களின் பதிவு வாடிக்கையாளர் பெயரில் இருந்தும், அவற்றை லீஸுக்கு விட்ட ஐ.சி.டி.எஸ். நிறுவனத்துக்கே தேய்மானம் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கடைசித் தவணையோடு இயந்திரம் உங்களுக்குச் சொந்தமாகும் ஹயர் பர்ச்சேஸிலோ தேய்மானம் பொதுவாக உங்களுடையது. அங்கே தவணை முழுவதையும் வாடகைச் செலவாக எழுதலாகாது. தலைப்பில் லீஸ் என்று அச்சிட்டிருந்தாலும், ஷரத்துகளின் சாரத்தையே அதிகாரி ஆராய்வார்.

கணக்கு ஏடு இன்னொரு விதமாகப் பேசும். சிறு கம்பெனிகள் பின்பற்றும் 19ஆம் கணக்கியல் தரம், இயந்திரத்தின் பலனும் நஷ்ட அபாயமும் ஏறக்குறைய முழுமையாகக் குத்தகைக்கு எடுத்தவரையே சாருமானால், அதை அவருடைய ஐந்தொகையில் சொத்தாகக் காட்டச் சொல்லுகிறது. பெரிய கம்பெனிகளுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் அமலான இந்தியக் கணக்கியல் தரம் 116, குறுகிய காலத்தனவும் மதிப்புக் குறைந்தனவும் நீங்கலாக, குத்தகைகளை ஐந்தொகைக்குள் கொண்டுவரச் சொல்லுகிறது. ஆயினும், ஏட்டில் எப்படிக் காட்டினாலும் தேய்மானக் கழிவு வருமான வரிச் சட்டப்படியே நிர்ணயமாகும் என்று மத்திய நேரடி வரி வாரியம் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்திற்று. ஏட்டுத் தேய்மானத்தை அப்படியே ரிட்டர்னில் எடுத்தெழுதுகிறவர் உரிமையில்லாத கழிவைக் கோரியவராகிறார்.

ஜி.எஸ்.டி. சட்டம் லீஸைச் சேவையாகவும், ஹயர் பர்ச்சேஸைச் சரக்கு விற்பனையாகவும் கொள்ளுகிறது. முன்னதில் வரி வாடகைதோறும் வரும், பின்னதில் தொடக்கத்திலேயே வந்துவிடும். உள்ளீட்டு வரி வரவு பெற, குத்தகைக் கம்பெனியின் இன்வாய்ஸ் உங்கள் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி.யில் தோன்றவேண்டும், 180 நாட்களுக்குள் பணமும் செலுத்தியிருக்கவேண்டும்; காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இவ்வரவு கிடையாது. இயந்திர வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால், ஜி.எஸ்.டி. நீங்கிய தொகையில் 2 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்டுவதும் வாடகை செலுத்தும் கம்பெனிகளின் கடமை. முந்திய ஆண்டில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்த தனிநபருக்கும் அது உண்டு. தவறினால் வாடகையில் 30 சதவீதம் செலவாக ஏற்கப்படாமற்போகும்.

குத்தகைக் கம்பெனியின் பெரும்பெயரும் காப்பாகாது. 1973இல் சென்னையில் தோன்றி இத்தொழிலில் நாட்டுக்கே முன்னோடியாயிருந்த ஃபர்ஸ்ட் லீசிங் கம்பெனியின் கணக்குகளில் முறைகேடு கண்டு, அது டெபாசிட் வாங்கவும் சொத்துகளை விற்கவும் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் தடை விதித்தது. ஆகவே, இயந்திரம் வேறெந்த வங்கியிடமாவது ஈடாக இருக்கிறதா என்பதையும், கம்பெனி நொடித்தால் உங்கள் அனுபவ பாத்தியதை என்னவாகும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பரிகாரங்களும் உண்டு. குத்தகைக் கம்பெனி என்.பி.எஃப்.சி. என்னும் வங்கிசாரா நிதி நிறுவனமாயிருந்து, அதன் மீது குறையிருந்தால் முதலில் அதற்கே எழுதி, 30 நாட்களில் தக்க பதில் வராவிடில், ஒம்புட்ஸ்மன் திட்டத்துக்கு உட்பட்ட நிறுவனமாயின் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வருமான வரி உத்தரவை எதிர்த்து 30 நாட்களுக்குள்ளும், ஜி.எஸ்.டி. உத்தரவை எதிர்த்து மூன்று மாதங்களுக்குள்ளும் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அப்படிப் போராட நேராமலிருக்க, ஒப்பந்த நகலை முன்கூட்டியே ஆடிட்டரிடம் கொடுத்து, முடிவில் பாத்தியதை யாருக்கு, தேய்மானம் யாருக்கு, வரி எப்போது என்று கேளுங்கள். அவற்றுக்கு ஷரத்துகளில் விடை காணாதவரை கையெழுத்தைத் தள்ளிப்போடுவதால் நஷ்டமொன்றுமில்லை.