ஏரிக்காட்டுச் சருகும் நீரும்

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியினுள் வளர்ந்துள்ள நீர்க்கடம்பும் கருவேலமும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அடிமரம் மூழ்க நிற்பவை; நீர் வற்றும் கோடையில் வறண்ட மண்ணில் நிற்பவை. இவை உதிர்க்கும் இலையின் கதியை இந்நீரே முடிவு செய்கிறது.

ஈரமும் காற்றும் ஒருங்கே அமைந்தால் நுண்ணுயிர்கள் சருகை விரைவில் மக்கச் செய்யும். அதிலுள்ள தாவர உணவுகள் மண்ணைச் சேரும். கரிமத்தின் பெரும்பகுதி கரியமிலவாயுவாக வெளியேறும். நீர் தேங்கிப் பிராணவாயு குன்றினால் மக்குதல் தாமதப்படும். அப்போது கரிமம் வண்டலில் தங்கும். எனினும் ஒரு பகுதி, வெப்பத்தைத் தேக்குவதில் கரியமிலவாயுவினும் வலிய மீதேனாக எழும். காய்ந்த மண் மீண்டும் நனையும்போது கரியமிலவாயு திடீரெனப் பெருகும். கென்யாவில் ஆராய்ந்த பர்ச் என்பார் இதனை 1958-இல் விளக்கினார்.

வேடந்தாங்கலில் பறவைகளின் எச்சமும் நைட்ரஜனையும் பாஸ்பரத்தையும் நீரில் சேர்க்கிறது. அந்நீர் வயலுக்கு உரமாதலின், உழவர் பல தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வந்துள்ளனர்.

கோடையில் ஏரிக்காட்டுச் சருகைக் கொளுத்தினால் அதன் நைட்ரஜனில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். களப்பணியாளர் இதனைத் தடுத்தல் வேண்டும். ஆசிரியர்கள் 10 கிராம் உலர்ந்த இலை கொண்ட நைலான் வலைப்பைகளுள் சிலவற்றை நீருக்கடியிலும் சிலவற்றைக் கரையின் ஈரமண்ணிலும் வைத்து, மாதந்தோறும் இடத்துக்கு ஒன்றாக எடுத்து, மண் நீங்கக் கழுவி, உலர்த்தி நிறுக்கச் செய்யலாம். மக்கும் வேகத்தை எடைக்குறைவு காட்டிவிடும்.